ஒலி கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு: டிவிஆர் பதிவு

கண்காணிப்பு கேமராக்களின் காட்சியைப் பதியும் பெட்டியான டிவிஆரிலிருந்து பென் டிரைவில் எடுத்த பதிவு கைபேசியில் ஓடுகிறது, விண்டோஸ் கணினியில் ஒலி மட்டும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பு பெரும்பாலும் கெட்டிருக்காது. கேமரா எச்.265 என்ற காணொளிச் சுருக்க முறையில் பதிந்திருக்கும். அதைப் பிரித்துக் காட்டும் மென்பொருளான கோடெக் பல விண்டோஸ் கணினிகளில் இருப்பதில்லை. விஎல்சி பிளேயரை நிறுவித் திறந்து பாருங்கள். அது இலவசம், தனிக் கோடெக் தேவையில்லை. கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை எம்பி4 என மாற்றுவதால் உள்ளே இருப்பது மாறாது, அந்த வேலை வேண்டாம்.

இனிமேல் எடுப்பவை எங்கும் ஓட வேண்டுமென்றால், டிவிஆரின் என்கோட் அமைப்பில் எச்.264 என்ற பழைய சுருக்க முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நான் மாற்றமாட்டேன். அதே தெளிவுக்கு எச்.264 ஏறத்தாழ இரு மடங்கு இடம் கேட்கும். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு கேமராவே நாளுக்கு 43 ஜிபி தின்றுவிடும். நான்கு கேமராக்கள் 1 டிபி வட்டை ஆறு நாளுக்குள் நிரப்பிவிடும், பிறகு பழைய பதிவுகளின் மேல் புதியவை பதியும். திருட்டு பத்தாம் நாள் தெரியவந்தால் என்ன செய்வீர்கள்?

காவல் நிலையத்தில் கொடுக்கப் போகும் பதிவு என்றால், வடிவம் மாற்றிய நகலோடு மூலக் கோப்பையும் அப்படியே கொடுங்கள். டிவிஆரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.