ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் அட்டை: 6 ஜிபி, 8 ஜிபி அட்டைகளுக்கு நினைவகத்தில் மட்டும்தான் வேறுபாடா?

இல்லை. 2022-இல் வந்த 8 ஜிபி அட்டையில் 2560 கூடா கோர்களும் (கணக்கீட்டைச் செய்யும் சிறு அலகுகள்) 128 பிட் நினைவகப் பாதையும் உள்ளன. 2024-இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி அட்டையில் அவை 2304 ஆகவும் 96 பிட்டாகவும் குறைந்திருப்பதால், வேகமும் குறைவுதான். (வேறு பெயர் வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.) ஆயினும் அது 70 வாட்டில் இயங்குவதால், பவர் சப்ளையில் கிராஃபிக்ஸ் அட்டைக்கான தனி மின் இணைப்பு இல்லாத பழைய அலுவலகக் கணினியிலும் பெரும்பாலும் அப்படியே பொருத்திவிடலாம், உங்களுடையது அத்தகைய கணினி என்றால் 6 ஜிபி அட்டையையே வாங்குங்கள்.

உங்கள் மதர்போர்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற வேறொரு கிராஃபிக்ஸ் அட்டை, மதர்போர்டுடன் தரவைப் பரிமாறும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் 4 தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறைக்குப் பதில் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள போர்டில் செருகினால் தரவு செல்லும் வேகம் பாதியாகிவிடும் என்பதால், அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் விளையாட்டு திக்கித் திணறும். புதிய போர்டில் எடுத்த பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) வீடியோவில் இந்தக் குறை தெரியாது. அத்தகைய வீடியோக்களில் சராசரி எஃப்பிஎஸ்ஸுடன் (ஒரு நொடிக்கு எத்தனை காட்சிச் சட்டங்கள்), '1 சதவீதக் குறைவு' (1% low) என்று காட்டப்படும் எண்ணையும், அதாவது மிக மெதுவான 1 சதவீதச் சட்டங்களின் வேகத்தையும் பாருங்கள்: சராசரி 60 இருந்தும் அந்த எண் 20-க்கு இறங்கினால், விளையாடும்போது தடுமாற்றம் கண்ணுக்குத் தெரியும்.