குரூப்ல ரேட் வந்தா என்ன பண்றது? போட்டிச் சட்டம் கேள்வி பதில்

சிசிஐ, அதாவது இந்தியப் போட்டி ஆணையத்தோட கேஸ்கள்ல கம்பெனி பக்கமும் டீலர் பக்கமும் ஆஜரானவ நான். உங்க கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: மேடம், எங்க சங்கத்துல இதுக்குக் கீழ யாரும் விக்கக்கூடாதுன்னு ரேட் போட்டு வாட்ஸ்அப் குரூப்ல அனுப்புறாங்க. நான் பதிலே போடல. எனக்கும் பிரச்சனை வருமா?

வரலாம். ஒரே தொழில்ல இருக்கறவங்க சேர்ந்து விலை வச்சாலே போட்டி கெட்டுதுன்னு 2002 சட்டத்தோட பிரிவு 3 எடுத்துக்கும், அப்படி இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான். பேசாம இருந்தேன்னு சொன்னா, படிச்சுட்டு அதே ரேட்டுக்கு ஏன் வித்தீங்கன்னு கேப்பாங்க. அதனால "எனக்கு இதுல சம்மதம் இல்ல, என் விலையை நானே வைப்பேன்"னு அங்கயே எழுதிட்டு வெளிய வாங்க. மெசேஜை அழிக்காதீங்க, ஆதாரத்தை அழிச்சா அது தனிக் குத்தம். கார்டெல்னு, அதாவது போட்டியாளருங்க ரகசியமா சேர்ந்து விலை வச்ச கூட்டுன்னு முடிவானா அது நடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் லாபத்துல 3 மடங்கு இல்ல டர்னோவர்ல 10%, எது அதிகமோ அதுவரைக்கும் அபராதம் போடலாம், பொறுப்புல இருக்கற ஆட்களுக்கும் தனியா உண்டு. உள்ள மாட்டியிருந்தா பிரிவு 46 இருக்கு, முதல்ல போய் முழுசா சொல்றவருக்கு 100% வரைக்கும், ரெண்டாவதுக்கு 50, மூணாவதுக்கு 30 வரைக்கும் குறையும். ஒரு நாள் தாமதத்துல அந்த முதல் இடம் போயிடும்.

கேள்வி: நான் டீலர். டிஸ்கவுன்ட் கொடுத்தா சப்ளையை நிறுத்துவேன்னு கம்பெனி சொல்றாங்க.

இதே விஷயத்துக்குத்தான் 2021ல மாருதி சுசுகிக்கு சிசிஐ 200 கோடி அபராதம் போட்டுச்சு, கஸ்டமர் மாதிரி ஆள் அனுப்பி எந்த டீலர் டிஸ்கவுன்ட் தர்றார்னு பாத்ததெல்லாம் அந்த உத்தரவுல இருக்கு. உங்க அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்க. குறைச்சு விக்கலாம்னு தெளிவா எழுதலைன்னா கம்பெனி சிக்கல்ல இருக்கு. ஆனா இங்க போட்டி பாதிச்சதைக் காட்டணும், சங்க ரேட் மாதிரி போட்டி கெட்டுதுன்னு சட்டம் தானா எடுத்துக்காது. மிரட்டல் வாய்ப்பேச்சா வந்தா அன்னிக்கே ஒரு மெயில் போட்டு வைங்க.

கேள்வி: எம்ஆர்பிக்கு மேல விக்கிறாங்க, சிசிஐல போடலாமா?

அது லீகல் மெட்ராலஜி, அதாவது எடையளவுத் துறை வேலை. நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிடுங்க.

கேள்வி: பெரிய ஆன்லைன்காரன் நஷ்டத்துக்கு வித்து எங்களை ஒழிக்கிறான், அவனை விட்டுட்டு சங்கத்தைப் பிடிக்கிறதா சட்டம்? நாங்க சேர்ந்து ரேட் வைக்காட்டி பொழைக்கவே முடியாது மேடம்.

உங்க கோவம் நியாயம். ஆனா செலவுக்குக் கீழ விக்கிறது மட்டும் குத்தம் இல்ல, அந்தக் கம்பெனி சந்தையில ஆதிக்கத்துல இருக்கணும், அதுதான் பிரிவு 4. ரெண்டு பேர் சந்தையைப் பிரிச்சு வச்சிருந்தா யாருமே தனியா ஆதிக்கம் இல்லைன்னு ஆயிடுது, கூட்டு ஆதிக்கம்னு நம்ம சட்டத்துல இல்ல, அது பெரிய ஓட்டைன்னு ரொம்ப நாளா சொல்றேன். பெரிய ஆளைத் தொடவே மாட்டாங்கன்னு சொல்லாதீங்க, 2022ல ஆண்ட்ராய்டு விஷயத்துல கூகுளுக்கு 1,337.76 கோடி போட்டாங்க.

அவரே: அப்ப நாங்க சாகணுமா?

இல்லங்க. சேர்ந்து சரக்கு வாங்குங்க, குடோன், டெலிவரி சேர்ந்து நடத்துங்க, செலவு நிஜமா குறைஞ்சா சட்டம் அதைக் கணக்குல எடுக்கும். விக்கிற விலையை மட்டும் ஒவ்வொருத்தரும் தனியா வைங்க. அந்த ஆன்லைன் கம்பெனி மேல சிசிஐக்குத் தகவல் (புகார்) கொடுக்கணும்னா யாரும் கொடுக்கலாம், 3 வருஷத்துக்குள்ள கொடுங்க.

கேள்வி: சங்கம் ரேட் சொன்னா சங்கத்துக்குத்தானே அபராதம்? நான் குரூப்ல வெறும் மெம்பர்.

முதல் பதிலைப் படிங்க. மெம்பருக்கும் உண்டு.

கேள்வி: குரூப்ல ரேட் போடாம போன்ல பேசிக்கிட்டா?

அதுவும் ஒப்பந்தம்தான். எழுத்துல இருக்கணும்னு சட்டம் கேக்கல. பேசாதீங்க.

கேள்வி: புது ஸ்டாக்கிஸ்ட் எடுக்க எங்க மருந்துக்கடை சங்கம் என்ஓசி (ஆட்சேபனை இல்லைங்கற கடிதம்) கேக்குது, இது சரியா?

தப்பு. இதுக்கே பல மருந்து வியாபாரி சங்கங்கள் மேல சிசிஐ உத்தரவு வந்திருக்கு. கேட்ட லெட்டரை வச்சிருக்கீங்களா? இருந்தா தேதியோட ஸ்கேன் பண்ணி வைங்க, மத்ததை அதை வச்சுப் பேசலாம்.