பொம்மை வீடும் மலைநாட்டு ஈரமும்

கேள்வி: இணையத்தில் வாங்கிய மரப் பொம்மை வீட்டு கிட் ஒன்றை ஐப்பசி மழையில் பிரித்தேன். பலகைகளின் நாக்குகள் துளைகளில் நுழைய மறுக்கின்றன. வண்ணம் பூசிய தரைப்பலகை ஒன்று தாம்பாளம்போல் குழிந்துவிட்டது. கிட்டைத் தவறாக வெட்டி அனுப்பிவிட்டார்களா? – ஒரு வாசகி, குன்னூர்

பதில்: தாங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வெட்டியவர் மேல் பழி போடுவதற்கு முன் பிரித்த மாதத்தைக் கவனிக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. உதகையின் மேற்குப் பகுதிகளை ஆடி மழை நனைக்கிறதென்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் வலுவாகப் பெய்கிறது. வறண்ட இடத்தில் லேசரால் மயிரிழை அளவுக்குக் கணக்கிட்டு வெட்டப்பட்ட பலகை, அந்த மாதத்துக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துச் சற்றே தடித்துவிடும். அந்தச் சிறு தடிப்பே நாக்கை மறிக்கப் போதுமானது.

சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டாம். துளையின் ஓரம் பிளந்துவிடும். பலகைகளை அடுக்கி வைக்காமல், இரு பக்கமும் காற்றுப் படும்படி, ஆள் புழங்கும் உலர்ந்த அறையில் நான்கைந்து நாள் நிறுத்தி வையுங்கள். கணப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், வேகமாகக் காய்ந்தால் பலகை வளையும். அதன் பிறகும் இறுக்கமாக இருந்தால் 220 எண் உப்புத்தாளால் நாக்கை மட்டும் இரண்டு இழுப்பு தேய்த்துப் பாருங்கள். துளையைத் தேய்த்துப் பெரிதாக்கிவிட்டால் வெயில் காலத்தில் மூட்டு ஆடும். லேசர் சுட்ட ஓரங்களில் இருக்கும் கருப்பையும் அப்போதே தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லையேல் வெள்ளை வண்ணத்தின் அடியிலிருந்து பழுப்பாக ஊறி வெளியே தெரியும்.

தரைப்பலகை குழிந்ததற்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசியது. நீர் கலந்த வண்ணம் ஒரு முகத்தில் ஏறிக் காயும்போது அந்த முகம் மட்டும் சுருங்கிப் பலகையை இழுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சுக் கொடுத்து, ஈரப் பிசுக்கு நீங்கியதும் கனமான புத்தகங்களின் கீழ் சில நாள் வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பிளைவுட்டில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது ஓரளவு தாக்குப் பிடிக்கும். மரத்தூளைப் பிசினோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் வெட்டு ஓரமோ ஈரத்தை உறிஞ்சி உப்பும், உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த ஓரங்களுக்கு அரக்கு பாலிஷ் ஒரு கை பூசி அடைத்துவிட்ட பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். எம்.டி.எஃப். பலகையைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். அதன் தூளில் பிசின் கலந்திருக்கிறது.

கேள்வி: தை மாதத்து இரவில் ஒட்டிய சுவர்கள் காலையில் கையோடு வந்துவிட்டன. ஒட்டிய இடத்தில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி. பசை கெட்டுப்போனதா? – ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: பசை குளிரில் விறைத்துவிட்டது. ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசைகளில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஏடாக மாற வேண்டும். ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே அது சரியாக நிகழாமல், நீர் மட்டும் போய்த் துகள் பொடியாக நின்றுவிடுகிறது. உறைபனி விழும் மாதத்தில் காலை பத்து மணிக்குமேல் ஒட்டத் தொடங்கி, பலகையும் பசையும் அறைச் சூட்டுக்கு வந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இரவு முழுவதும் கிளாம்ப் அல்லது மாஸ்கிங் டேப்பால் கட்டி, வெதுவெதுப்பான அறையில் விடுங்கள். பழைய பொடியை மரம் தெரியும்வரை சுரண்டாமல் மறுபடி ஒட்டுவது வீண். வண்ணம் பூசிய பரப்பிலும் இந்தப் பசை பிடிக்காது. ஆகையால் பூசும்போதே நாக்குகளை டேப்பால் மறைத்துவிடுவது நல்லது.

கேள்வி: கிட்டில் வந்திருப்பது செதில் செதிலான மர ஓட்டுக் கூரை. எனக்கோ நம் ஊர்த் தகரக் கூரை பங்களாவாக அது தெரிய வேண்டும். முடியுமா? – ஒரு வாசகர், அருவங்காடு

பதில்: தாராளமாக முடியும், இதுபோன்ற கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்கும் ஆசை. செதில்களை ஒட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள். நெளி தகரத்தில் ஒரு நெளியிலிருந்து அடுத்த நெளிக்கு ஏறக்குறைய 75 மி.மீ. இடைவெளி உண்டு. நிஜத்தின் ஓர் அடி பொம்மை வீட்டில் ஓர் அங்குலமாகும் 1:12 அளவில் அது 6 மி.மீட்டருக்குச் சற்று மேல். பார்சல் வரும் அட்டைப் பெட்டிகளில் நெளிவு நெருக்கமாக உள்ளதை அளந்து தேர்ந்து, மேல்தாளை நனைத்து உரித்தால் அந்த அளவுக்கு மிக அருகில் நெளி அட்டை கிடைக்கும். நன்றாகக் காயவிட்டு, இரண்டரை அங்குல அகலப் பட்டைகளாக வெட்டி, நெளிகள் முகட்டிலிருந்து இறவாரம் நோக்கி இறங்குமாறு, பட்டைக்குப் பட்டை ஒரு நெளி மேலேறும்படி ஒட்ட வேண்டும். குறுக்கே ஒட்டிய கூரைகளை நான் பார்த்திருக்கிறேன். மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்திருந்தால் அப்படி ஒட்டியிருக்கமாட்டார்கள். மேலே ரெட் ஆக்சைடு நிறம் அடித்து, காய்ந்ததும் பஞ்சால் பழுப்பும் கருப்பும் ஆங்காங்கே ஒற்றினால் துருவேறிய தகரம் வந்துவிடும்.

புகைபோக்கிக்கும் அடித்தளத்துக்கும் கல் வேண்டுமென்றால் முட்டை அட்டையைக் கோணல்மாணலாகக் கத்தரித்து ஒட்டி, இடுக்குகளில் சாம்பல் நிறப் பூச்சை விரலால் தேயுங்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1822இல் உதகையில் கட்டத் தொடங்கிய மாளிகையை ஊரார் கல் பங்களா என்று அழைத்தார்கள். அந்தச் சுவரை நேரில் பார்த்துவிட்டு வந்தால் எந்தக் கல்லை எங்கே வைப்பதென்ற குழப்பம் தீரும். கணப்புக்கு விறகாகக் கவாத்து செய்த தேயிலைக் குச்சியைவிடப் பொருத்தமானது கிடையாது. அது சிறியதாக இருந்தும் முதிர்ந்த மரத்தின் முடிச்சுகளைக் காட்டும். பூச்சி வராதிருக்க வெயிலில் நன்றாகக் காய்ந்த குச்சியாகப் பாருங்கள்.

கேள்வி: உள்சுவருக்குப் பூத்தாள் ஒட்ட மைதாப் பசை காய்ச்சலாமா? பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கச் சொல்கிறார்கள். – ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: புத்தகம் கட்டுபவர்களின் பழைய வழக்கம் அது. ஆனால் மயில்துத்தம் நஞ்சு. பிள்ளைகள் விரல் வைக்கும் வீட்டில் அதற்கு இடமில்லை. அதைக் கலக்காத மைதாவையோ நம் ஈரத்தில் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் தேடி வரும். மரத்துக்கு முதலில் பிரைமர் அடித்துவிட்டு, தண்ணீர் குறைவாகக் கலந்த வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவித் தாளை ஒட்டுங்கள். விளக்கு வைக்கும் எண்ணமிருந்தால் கம்பிகளை அதற்கு முன்பே சுவரில் பதித்துவிட வேண்டும். 12 வோல்ட் அடாப்டரில் எரியும் சிறு எல்.இ.டி. போதும், வீட்டு மின்சாரத்தை நேரே உள்ளே கொண்டுவரவே கூடாது.

கேள்வி: அடுத்த கொலுவில் மரப்பாச்சிகளை இந்த வீட்டில் குடியேற்ற நினைக்கிறேன். எந்த அளவு கிட் வாங்கலாம்? – ஒரு வாசகி, வெலிங்டன்

பதில்: முதலில் மரப்பாச்சியை அளந்து பாருங்கள். 1:12 என்றால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம். ஆறு அங்குல மரப்பாச்சி அந்த வீட்டில் ஆறடி ஆளாக நிற்கும், ஏழு அங்குலக் கதவில் இடிக்காமல் நுழையும். புதுதில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் 1921 முதல் 1924 வரை மேரி அரசிக்காக உருவாக்கிய, இன்று விண்ட்சர் கோட்டையில் உள்ள பொம்மை மாளிகையும் இதே அளவுதான். 1:24 கிட் விலை குறைவு என்று வாங்கினால் அதே மரப்பாச்சி கூரையை முட்டும். ஒரு முழ உயரப் பொம்மையென்றால் வீட்டுக்கு வெளியே, வாசலில்கூட நிறுத்தாமல், வேறு படியில் வைத்துவிடுங்கள்.

நவராத்திரி மழையோடு வருவதால் மாசியில் தொடங்கிச் சித்திரைக்குள் மர வேலையையும் பூச்சையும் முடித்துவிடுவது உத்தமம். சாமான்களை மழைக்காலத்தில் நிதானமாகச் செய்துகொள்ளலாம். கொலு முடிந்ததும் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே அடைபட்ட ஈரம் பூஞ்சணமாகும். பழைய பருத்தி வேட்டியால் போர்த்தி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.