அம்மாவின் விசாவும் பால் சொசைட்டி அட்டையும்

தம்பி, நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து எட்டு மாதம் ஆகிறது, அம்மாவை மூன்று மாதம் அழைத்துவர விசாவுக்குப் போட்டோம், நிராகரித்துவிட்டார்கள், மேல்முறையீடு செய்யலாமா என்பது முதல் கேள்வி. ஜாக்கெட் எங்கே மலிவு, கோயில் எங்கே இருக்கிறது என்பவை மற்ற இரண்டு. ஜாக்கெட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், தண்ணீர் புகாததாக இருந்தால் சரி. கோயில் என்றால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில், இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது, ஒருமுறை போய்வாருங்கள். முதல் கேள்விக்கு வருகிறேன்.

உங்களிடம் யாரோ "ரெமொன்ஸ்ட்ராட்சியோன் எழுதுங்கள், ஒரு மாதம் டைம் இருக்கிறது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சொன்னவர் இங்கே வந்து பதினைந்து வருடம் ஆனவராக இருப்பார். நம் ஆட்களிடம் இதுதான் தொல்லை, தாங்கள் வந்த வருடத்துச் சட்டத்தையே கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். முன்பு விசாவை மறுத்தால் அதே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மறுபடி பாருங்கள் என்று கேட்கலாம், ரெமொன்ஸ்ட்ராட்சியோன் என்பது அதுதான். கட்டணம் கிடையாது. 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அந்த வழியை உலகம் முழுக்க மூடிவிட்டது.

இப்போது இருப்பது இரண்டு வழி. ஒன்று, மறுப்புக் கடிதம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு. அதை ஜெர்மன் மொழியில் எழுத வேண்டும். வழக்குத் தொடுப்பவர் உங்கள் அம்மா, நீங்கள் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் நீதிமன்றக் கட்டணம் உண்டு, தீர்ப்பு வர மாதக்கணக்கில் ஆகும். கோடை விடுமுறைக்கு வரவேண்டிய அம்மாவுக்காக யாராவது வழக்கு நடத்துவார்களா? இரண்டாவது வழி, புதிதாக விண்ணப்பிப்பது. 90 யூரோ மறுபடி போகும், போகட்டும். ஒருமுறை மறுத்தார்கள் என்பதற்காகவே அடுத்த விண்ணப்பத்தையும் மறுக்கக்கூடாது என்று ஷெங்கன் விசா விதியிலேயே இருக்கிறது, ஷெங்கன் என்றால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அதற்காக அதே காகிதங்களை அப்படியே மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும்.

உங்களுக்கு வந்த படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். விசா முடிவதற்குள் திரும்பிப் போவாரா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்ற கட்டமாகத்தான் இருக்கும். 2012இல் என் அம்மாவுக்கும் அதுதான்.

அப்போது என் மனைவிக்கு ஏழாவது மாதம். பேறுகாலத்துக்கு அம்மா வரவேண்டும். நான் உருகி உருகி ஒரு கடிதம் எழுதினேன். அப்பா தவறிவிட்டார், அம்மா தென்காசிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார், எனக்கு அவரை விட்டால் யாருமில்லை, அவருக்கும் என்னை விட்டால் யாருமில்லை என்று. இதுபோக, திருநெல்வேலியில் எட்டாயிரம் ரூபாய் வாங்கிய ஒரு ஏஜென்ட், ஃபைல் கனமாக இருக்கட்டும் என்று அம்மா பெயரில் பாரிஸில் நான்கு நாள் ஹோட்டல் முன்பதிவு ஒன்றைச் செருகிவிட்டார். ஈஃபில் கோபுரம் பார்க்கப் போகிறாரா, பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறாரா? படிவத்தில் இரண்டு கட்டத்தில் குறி விழுந்தது.

அன்று இரவு கோபத்தில் என் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதிகாரியின் கண்ணால் படித்தால் அதில் என்ன இருக்கிறது? ஊரில் இந்த அம்மாவுக்கு எதுவுமே இல்லை, வந்தால் திரும்பமாட்டார் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம் எல்லாம் கொடுத்தேன் என்கிறீர்கள். வெளிநாட்டினர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி வாங்கும் அந்தப் பொறுப்பேற்புப் பத்திரமும் கொடுத்திருப்பீர்கள், வாய்க்குள் நுழையாத பெயர் கொண்டது. எல்லாம் சரி. ஆனால் அவை சொல்வது அம்மாவின் செலவுக்கு நீங்கள் பொறுப்பு என்பதை மட்டும்தான். அவர் ஏன் திரும்பிப் போவார் என்பதற்கு உங்கள் சம்பளம் சாட்சி இல்லை. மகன் நன்றாகச் சம்பாதிக்கிறான் என்பது சில சமயம் எதிர்ச்சாட்சியாகவும் ஆகிவிடும்.

நான் அம்மாவுக்கு ஃபோன் செய்து, வீட்டில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார். முக்கால் ஏக்கருக்குப் பட்டா, வீட்டு வரி ரசீது, அப்பாவின் குடும்ப ஓய்வூதியப் புத்தகம். பிறகு தயங்கி, "மாட்டு அட்டை இருக்கு, அது எதுக்கு" என்றார். பால் சொசைட்டி அட்டை! காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்று தேதி போட்டு, விட்டுப்போகாமல் எழுதிய அட்டை. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மாடு சினையாக இருக்கிறது, நவம்பரில் ஈனும், அதற்கு முன் இவர் ஊரில் இருந்தாக வேண்டும் என்று ஜெர்மன் மொழியில் நானே எழுதினேன். பாரிஸ் முன்பதிவு தவறு என்பதையும் ஒப்புக்கொண்டேன். அலுவலகத்தில் சக ஊழியர் ஒருவர் இலக்கணம் திருத்தித் தந்தார், மாட்டு வரியில் சிரித்தார். இங்கேயே பத்து வருடம் இருந்து ரொட்டிக்கடையில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒன்பதாம் வருடத்தில் மாட்டுக்கு ஜெர்மன் எழுதினேன், அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு.

விசா கிடைத்தது. அம்மா வந்தபோது குழந்தைக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. பிரசவத்துக்கு இருக்க முடியவில்லை என்ற குறை இன்றைக்கும் அவருக்கு உண்டு.

உங்களுக்கு இன்னும் சில சொல்லவேண்டும். முதல் பயணத்துக்கே தொண்ணூறு நாள் கேட்காதீர்கள், ஐந்து ஆறு வாரம் போதும். "இத்தாலி வழியாகப் போடு, ஈசியாகக் கிடைக்கும்" என்பவரிடம் காது கொடுக்காதீர்கள். எங்கே அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும், இங்கே மறுத்தது ஷெங்கன் நாடுகள் இருபத்தொன்பதுக்கும் தெரியும். முந்தைய மறுப்பை மறைக்கவும் வேண்டாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஏஜென்ட் வேண்டாம். அம்மாவிடமே உட்கார்ந்து கேளுங்கள், உங்கள் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்த ரசீது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

நான் 2004 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே இறங்கினேன். ஒரு கடை திறக்கவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கையும் குழாய்த் தண்ணீரையும் வைத்து அந்த நாளைக் கழித்தேன். அம்மா வந்து அதே குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார். அவருக்கு இந்த நாட்டில் பிடித்தது ஒன்றே ஒன்று, காலி பாட்டிலைப் போட்டால் இருபத்தைந்து சென்ட் தரும் இயந்திரம். பூங்காவில் கிடந்த பாட்டில்களைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துவந்துவிடுவார். தினமும் மாலை பக்கத்து வீட்டுக்கு ஃபோன், மாடு தின்றதா, சாணி எப்படி என்று.

அறுபது நாளுக்கு விசா. நாற்பத்தோராம் நாள் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றச் சொன்னார். மாற்றக் கட்டணம் நூற்றிருபது யூரோ என்றேன். பாட்டில் காசு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள் என்றார்.