கேபிள்காரர் மகள் தொலைக்காட்சி வேலைக்குப் போகலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் கேபிள் நடத்துகிறவரிடம் தொலைக்காட்சியின் எதிர்காலத்தைப் பற்றி நான் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். மாத வசூலுக்குப் போனால் செட்டாப் பாக்ஸைக் கழற்றிக் கையில் கொடுத்து, 'வைஃபை மட்டும் போதும்' என்கிறார்கள். இந்த நேரத்தில் மகள் செய்தி வாசிப்பாளராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் படிப்பில் சேர்க்கக் கடன் வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. கடன் வாங்க வேண்டாம். அதற்காக அவளுடைய ஆசையை அடியோடு வெட்டிப் போடவும் வேண்டாம்.

உங்கள் வசூல் நோட்டில் தெரிவது நாடு முழுவதும் நடக்கிறது. 2021-இல் ஏறக்குறைய 7 கோடியாக இருந்த கட்டண டிடிஎச் சந்தாதாரர்கள் 2025-இல் 6 கோடிக்குள் வந்துவிட்டார்கள். 2024-இல் டிஜிட்டல் ஊடகத்தின் வருவாய் தொலைக்காட்சியின் வருவாயை முந்திவிட்டது என்கிறது ஊடகத் துறை பற்றிய ஃபிக்கி-இஒய் ஆண்டறிக்கை. விளம்பரம் எங்கே போகிறதோ, சம்பளமும் அங்கேதான் போகும். சேனல்களில் ஆட்குறைப்பு நடப்பதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை.

ஆனால் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்த அந்த வீட்டில் இரவு எட்டு மணிக்கு எட்டிப் பாருங்கள். அதே தொடரைச் செல்பேசியில் பார்க்கிறார்கள். அதே செய்திச் சேனல் யூடியூப் நேரலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிரிக்கெட் என்றால் சொல்லவே வேண்டாம். அவர்கள் கைவிட்டது உங்கள் கம்பியைத்தான். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது வீட்டுக் கூரையில் ஆன்டெனா இல்லாமல் படம் வராது. அந்த ஆன்டெனாவுக்குப் படம் அனுப்பிய தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றைத் தூர்தர்ஷனே 2022-க்குள் நிறுத்திவிட்டது. தூர்தர்ஷன் நிற்கவில்லை, பொதிகை என்று நமக்குப் பழகிய சேனல் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது, அவ்வளவுதான். நீங்களும் இதே பாதையில் வந்தவர். 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது, அப்புறம் செட்டாப் பாக்ஸ் வந்தது, 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டண முறையையே மாற்றியது. ஒவ்வொரு முறையும் தொழில் முடிந்தது என்றார்கள். இன்றைக்கு அதே தெருவில் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிறீர்கள்.

தொலைக்காட்சியால் இனி ஊருக்கு என்ன பயன் என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வண்டிகள் உருண்டு போன காட்சியை எல்லோரும் செல்பேசியில் பார்த்தோம். அந்த மாதிரி நாளில் கைக்குக் கை வரும் வீடியோக்களில் எது இன்றையது, எது போன வருடத்தது, எந்தப் பாலம் உடைந்தது, எந்தச் சாலை மூடப்பட்டது என்று விசாரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது ஒரு வேலை. திரை எவ்வளவு சிறியதானாலும் அந்த வேலை போகாது. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி ஓடியது உங்களுக்கே தெரியும். உங்கள் கம்பி வழியாகத்தானே பிள்ளைகள் பாடம் பார்த்தார்கள்? கரண்ட் போனால் டிவியும் போய்விடுகிறது, அப்போது பேட்டரி ரேடியோவில் தர்மபுரி பண்பலைதான் கை கொடுக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி மகள் கேட்கிற நாற்காலிக்கு வருவோம். ஒரு சேனல் கட்டடத்துக்குள் இருக்கும் நாற்காலிகளிலேயே ஆட்டம் கண்டிருப்பது செய்தி வாசிக்கும் நாற்காலிதான். 2024 மே மாதம் தூர்தர்ஷனின் விவசாயச் சேனலான டிடி கிசான் ஏஐ கிரிஷ், ஏஐ பூமி என்று இரண்டு செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளர்களை இறக்கியது. 50 மொழிகளில் பேசும் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஒடிசாவில் ஒரு சேனல் லிசா என்ற ஒன்றை உட்கார வைத்துவிட்டது. எழுதிக் கொடுத்ததைத் திருத்தமாகப் படிப்பது மட்டும்தான் வேலை என்றால், அதைச் செய்ய இனி மனிதர் தேவைப்படமாட்டார். அமைச்சரிடம் குறுக்குக் கேள்வி கேட்பதும், விவாதத்தில் இரண்டு பேரின் சத்தத்தை அடக்கி விஷயத்துக்கு இழுத்து வருவதும் வேறு. அதற்கு விஷய ஞானம் வேண்டும், களத்தில் நின்ற பழக்கம் வேண்டும். வாசிப்பாளர் பயிற்சி என்று மூன்று மாதத்துக்குப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு 'நூறு சதவீத வேலை' என்கிற விளம்பரங்களைப் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?

சரி, நிருபராகலாமே என்பீர்கள். ஆகலாம். ஆனால் மாவட்டத்தில் மைக் பிடித்து நிற்பவர்களில் பலர் ஸ்ட்ரிங்கர்கள். ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்ரோல் சொந்தச் செலவு. சில இடங்களில் விளம்பரம் பிடித்துத் தரவும் சொல்கிறார்கள். நம் மாவட்டத்தில் ஃபுளோரைடு கலந்த குடிநீர், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், தக்காளி விலை, குழந்தைத் திருமணம் என்று வருடக்கணக்கில் பின்தொடர வேண்டிய செய்திகள் எத்தனை இருக்கின்றன! அவற்றைப் பின்தொடர வேண்டியவருக்குத்தான் மாதச் சம்பளம் இல்லை. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. ஆகவே வேறொரு பிழைப்பும் கையில் இருக்கிற நிலையில்தான் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று பெண் பிள்ளைகளிடமும் ஆண் பிள்ளைகளிடமும் ஒன்றுபோலச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. லைனில் சிக்னல் போனால் கோளாறு ஆம்ப்ளிஃபையரிலா, ஸ்ப்ளிட்டரிலா, இணைப்பு முனையிலா என்று நீங்கள் கம்பத்தில் ஏறுவதற்கு முன்பே மகள் சொல்லிவிடுவாளாம். பெருமைக்காகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. கன்ட்ரோல் ரூமில் வளர்ந்த பெண். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் எடுத்து +2 முடிக்கப் போகிறாள். அவளுக்கு நான் சொல்வது பி.இ. மின்னணுவியல் மற்றும் தொடர்பியல், அதாவது இசிஇ. செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பர்கூரிலும் இருக்கிறது. இரண்டுமே வீட்டுக்கு எட்டும் தூரம்.

ஒளிபரப்புக்கும் இசிஇக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அவளுக்கு விளக்குங்கள். ஸ்டூடியோவுக்குள் தனித்தனிக் கேபிளில் ஓடிக்கொண்டிருந்த படமும் ஒலியும் கணினி நெட்வொர்க்குக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி ஒளிபரப்புக்கு அனுப்பும் மாஸ்டர் கன்ட்ரோல் அறை செய்த வேலையில் ஒரு பகுதி கிளவுட் சர்வருக்குப் போகிறது. களத்திலிருந்து நேரலை தர டிஷ் வைத்த வேன் போன காலம் போய், பல சிம்களை ஒன்றுசேர்த்து அனுப்பும் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். கேமராவும் புரிந்து, நெட்வொர்க்கும் புரிந்த ஆள் கிடைப்பது கடினம். இன்டர்நெட் இல்லாமலே செல்பேசிக்கு நேரடியாக ஒளிபரப்பும் டி2எம் சோதனைகளில் ஐஐடி கான்பூரும் பெங்களூரின் சாங்க்யா லேப்ஸும் இறங்கியிருக்கின்றன. அது கைகூடினால் வெள்ள நாளில் டவரில் நெரிசல் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. கைகூடாவிட்டால்? தொலைத்தொடர்பு இருக்கிறது, ஓசூரில் மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இசிஇ படித்தவளைத் தொலைக்காட்சி கைவிட்டாலும் அவள் நடுத்தெருவில் நிற்கமாட்டாள். விஸ்காம் மட்டும் படித்தவளுக்கு அந்த உறுதியை என்னால் தர முடியாது.

வீட்டில் கன்னடமும் பேசுவீர்கள் என்று எழுதியிருப்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். நமக்குச் சென்னையைவிடப் பெங்களூர் பக்கம். கிரிக்கெட் வர்ணனையிலிருந்து தொடர்களின் டப்பிங் வரை ஒரே நிகழ்ச்சி பல மொழிகளில் போகும் காலம் இது. தமிழும் கன்னடமும் பிழையில்லாமல் எழுதப் பேசத் தெரிந்தவருக்கு அங்கே வேலை இருக்கிறது. அவளைக் கன்னடம் எழுதவும் பழகச் சொல்லுங்கள்.

பொறியியலே வேண்டாம் என்று அவள் உறுதியாகச் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு போன்றவற்றில் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசுக் கட்டணம்தான், இடங்கள் குறைவு. பிரிவுக்குப் பிரிவு தகுதி மாறும் என்பதால் அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். அல்லது தர்மபுரி அரசுக் கலைக் கல்லூரியில் பொருளியலோ ஆங்கிலமோ படித்துவிட்டு, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலைக்குப் போகலாம். எந்தப் பட்டம் முடித்திருந்தாலும் புனே திரைப்படக் கல்லூரியின் தொலைக்காட்சிப் பிரிவில் ஓராண்டுப் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு எழுதலாம். இசிஇ முடித்த பிறகும் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

முடிவெடுக்கும் முன் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். விடியற்காலையில் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குச் செல்பேசியுடன் அனுப்புங்கள், கூடவே நீங்களும் போங்கள். ஒன்றரை நிமிடச் செய்தி ஒன்று தயாரிக்க வேண்டும். பெட்டி இறக்குவது, ஏலம், லாரி ஏற்றுவது என்று காட்சிகள் எடுக்க வேண்டும். ஒரு விவசாயியிடமும் ஒரு வியாபாரியிடமும் பேச வேண்டும். விவசாயி சொல்லும் விலையும் வியாபாரி சொல்லும் விலையும் நிச்சயம் ஒத்துப்போகாது. அங்கேதான் சோதனை. மூன்றாவது ஆளிடம் போய் விசாரிக்கிறாளா, அல்லது கேமரா முன் நின்று பேசும் பகுதியைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறாளா என்று தள்ளி நின்று பாருங்கள். விலையைத் தேடிப் போனால் அவளுக்குள் நிருபர் இருக்கிறாள். இரைச்சலில் குரல் சரியாகப் பதிவாகவில்லையே என்று மைக்கோடு மல்லுக்கட்டினால் பொறியாளர் இருக்கிறாள். கேமராவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பேசலாம்.

இரவு ஷிப்ட் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதிகாலைச் செய்திக்கு விடிவதற்கு முன்பே அலுவலகத்தில் இருக்க வேண்டும். வேலையில் சேரும்போது வீட்டிலிருந்து வண்டி உண்டா, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படியான உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்று அவளே கேட்கட்டும். கேட்கத் தயங்குகிறவள் நிருபராக முடியாது.

பணத்துக்கு வருவோம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். நடுவில் எந்த வகுப்பிலாவது பள்ளி மாறியிருந்தால், அந்தப் பள்ளியின் பெயர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு எல்லாம் பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கலந்தாய்வுப் பதிவு தொடங்கிய பிறகு அலைவது பெரும்பாடு.