பழைய கம்பைன் அறுவடை இயந்திரத்தில் ஃபீடர் ஹவுஸ் (வெட்டிய கதிரை உள்ளே ஏற்றும் சாய்வான பெட்டி) ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது, அதற்குள் ஓடும் செயினும் தட்டுகிறது. வெட்டும் பகுதியை மாட்டும் முகப்புச் சட்டத்தைச் சுட வைத்து நிமிர்த்தலாமா?

தயவுசெய்து இப்போதைக்கு நெருப்பு வைக்காதீர்கள். அவசரப்பட்டு அதைச் செய்து, பிறகு வருந்தியவன் நான்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. அறுவடை நெருங்கியிருக்கும். முன்னால் கதிரை வெட்டும் ஹெடரின் ஒரு முனை மண்ணைக் கீறும், மறுமுனை தாளை உயரமாக விட்டுவிட்டு வரும். பார்க்கிறவர்கள் எல்லாம் ஓட்டுபவரின் கை சரியில்லை என்பார்கள். ஒரு பருவம் முழுக்க எனக்கும் அந்தப் பேச்சுத்தான். பட்டறைக்குக் கொண்டுபோனேன். முகப்பு முறுக்கிக்கொண்டது என்று சொல்லி, சுட வைத்து இழுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் இடது பக்கம் மறுபடி தாழ்ந்தது. கூடவே சட்டத்தின் மூலையில் வெல்டிங் விட்டு வெடிப்பும் வந்தது.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து அளந்தேன். முதலில் இரண்டு முன் டயரிலும் காற்றைச் சமமாக்கினேன். பிறகு ரசமட்டத்தை முன் அச்சின் மேல் வைத்தேன், அடுத்து ஃபீடரின் பின்பக்கம், அடுத்து முகப்பு, கடைசியாக ஹெடரின் கத்திச் சட்டம். தரை கொஞ்சம் சரிவாக இருந்தாலும் பரவாயில்லை. அச்சில் தெரியும் சாய்வேதான் மற்ற இடங்களிலும் தெரிய வேண்டும். எங்கே அது மாறுகிறதோ அங்கேதான் கோளாறு. எனக்கு ஃபீடரின் பின்பக்கத்திலேயே மாறிவிட்டது. ஃபீடர் மேலும் கீழும் ஆடுவதற்குப் பிடிமானமாக இருக்கும் இடது புஷ் (உலோக வளையம்) முழுதாகத் தேய்ந்திருந்தது.

கீழே இருக்கும் இரண்டு தூக்கு சிலிண்டர்களையும் நம்பி ஏமாற வேண்டாம். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே எண்ணெய் வழிதான். அவை எடையைத் தாங்கும், மட்டத்தைப் பிடித்து வைக்காது. மட்டத்தைப் பிடிப்பது பின்பக்கப் பிடிமானம். ஒரு மீட்டர் அகலமுள்ள ஃபீடர் 5 மில்லிமீட்டர் சாய்ந்தால், 4 மீட்டர் ஹெடரின் இரு முனைகளுக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

அந்த புஷ் ஏன் தேய்ந்தது என்று பார்த்தபோது வயிறு எரிந்தது. கிரீஸ் செலுத்தும் நிப்பிளின் மேல் பெயிண்ட்! விற்றவர் வண்டியைப் புதிதாகக் காட்ட எல்லாவற்றின் மேலும் அடித்திருக்கிறார். நிப்பிள் அடைத்துப்போய், புஷ் காய்ந்தே ஓடியிருக்கிறது. பழைய வண்டி விற்பவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன்: துருவோடு கொடுத்தால் நாங்கள் வாங்க மாட்டோமா? வெடிப்பையும் பழைய ஒட்டையும் கண்ணால் பார்த்து விலை பேசும் உரிமை வாங்குபவனுக்கு இல்லையா? கையேட்டையும் கொடுப்பதில்லை. கேட்டால் தொலைந்துவிட்டது என்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஹெடரைக் கழற்றிவிட்டு, தூக்கு சிலிண்டர் இறங்காமல் தடுக்கும் பூட்டைப் போட்டு, அதற்கு மேலும் கட்டைகள் கொடுங்கள். என்ஜின் நின்றிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. புஷ்ஷை இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சாய்வு மறுபக்கம் போகலாம்.

இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடு வைத்தால் போதுமே என்று சிலர் கட்டாயம் சொல்வார்கள். நான் ஷிம்முக்கு எதிரி இல்லை. முகப்பு வரை மட்டமாக இருந்து ஹெடரில் மட்டும் வித்தியாசம் தெரிந்தால் அதுதான் சரியான வழி. தேய்ந்த புஷ்ஷை ஷிம்மால் மறைத்தால் ஆட்டம் அப்படியே இருக்கும்.

செயின் தட்டுவது வேறு விஷயம். நீண்டுபோன செயின் தொய்ந்து அடித்தகட்டைத் தேய்க்கும், ஸ்ப்ராக்கெட்டில் (பற்சக்கரத்தில்) பல் தாண்டும். அதற்காக விறைப்பாக இழுத்தும் கட்டக் கூடாது. கதிர்க்கட்டு பெரிதாக வரும்போது முன் உருளை மேலே எழுந்து வழிவிட வேண்டும். இருபுறமும் இழுவை சமமாக இல்லையென்றால் இணையாக ஓடும் செயின்களைப் பிணைக்கும் பட்டைகள் கோணலாக ஓடி உடையும். மாற்றுவதானால் எல்லாச் செயின்களையும் ஒன்றாக மாற்றுங்கள், கண்ணிகள் சமமா என்று எண்ணிப் பாருங்கள். பழைய செயினின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் உள்ளே எளிதாகப் போய்விடும்.

அடித்தகடு ஓட்டையாகி ஒட்டுப் போடுவதானால், ஓடு வேய்வது போல முன் தகடு பின் தகட்டின் மேல் ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் ஏறி வரும் கதிர் அந்த விளிம்பில் முட்டிச் சிக்கும். நான் முதல் தடவை மாற்றித்தான் போட்டேன், ஒரே நாளில் பிரித்தேன்.

புதுச் செயின் முதல் சில மணி நேரத்திலேயே கொஞ்சம் தளரும். நிறுத்தி மறுபடி இழுவை பாருங்கள். அச்சு, பின்பக்கம், முகப்பு, கத்தி ஆகிய நான்கு இடத்திலும் அளந்ததை இங்கே எழுதினால், எங்கே திறக்க வேண்டும் என்று சொல்கிறேன்.