கதைல கொலைக்கான காரணம் ஒட்டலைன்னா

சொத்துக்காக தம்பி அண்ணன கொல்ற கதை எழுதியிருக்கீங்க, அந்த சொத்துங்கற காரணத்த மாத்தாதீங்க, உங்க கதைல இல்லாதது "ஏன் இன்னைக்கு?"ங்கறதுதான். கதைய படிச்சவங்க யாருமே நம்பலைன்னு சொல்றீங்க, எப்படி நம்புவாங்க, பத்து வருஷத் தகராறு சும்மா ஒரு ராத்திரில கொலையா மாறாதுல்ல, நடுவுல நாலு பேர் முன்னாடி ஒரு அவமானமோ பத்திரத்துல கையெழுத்துப் போடற கடைசி நாளோ ஏதோ ஒண்ணு வந்திருக்கணும்.

நிஜத்துலயும் பணம், பொறாமை, பழி, பயம்னு தனித்தனியா இருக்கறது அபூர்வம், எல்லாம் கலந்துதான் கிடக்கும். ஆனா "ஏன் இன்னைக்கு"ங்கறது அங்கயும் முக்கியம், கணவனோ காதலனோ மாதிரி துணையால கொல்லப்படற பெண்கள பாருங்க, பிரிஞ்சு போற நேரம்தான் ரொம்ப ஆபத்து. 2023ல உலகம் முழுக்க கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகள்ல சுமார் 60 சதவீதம் பேர கொன்னது துணையோ குடும்பத்து ஆளோதான்னு ஐநா மதிப்பீடு.

ஒண்ணு செஞ்சு பாருங்க: கொலைய ஒரு மாசம் தள்ளி வச்சு அந்த அத்தியாயத்த திரும்பப் படிங்க. எதுவும் இடிக்கலைன்னா தூண்டுதல் இல்லைன்னு அர்த்தம். கூலிப்படைக் கதைக்கு மட்டும் இது வேலைக்காகாது.

அப்புறம், தம்பிக்கு மனநோய்னு கடைசி பக்கத்துல முடிச்சுடாதீங்க ப்ளீஸ், மனநோய் இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கறதுகூட கிடையாது.